புரோபோலிஸ் குடிச்சா கேன்சர் கட்டி கரையுமா? ஒரு அக்கா கேட்ட சந்தேகம்

வணக்கங்க. போன வீடியோவுல கொசுத்தேனீ பெட்டிய திறந்து காட்டினேன்ல, அதப் பாத்துட்டு ஒரு அக்கா கேட்டிருக்காங்க. அவங்க அம்மாவுக்கு மார்புல கட்டி, பயாப்சியில கேன்சர்னு வந்திருச்சு, ஆபரேஷனுக்கு தேதியும் குடுத்துட்டாங்க, ஆனா சொந்தக்காரர் ஒருத்தர் புரோபோலிஸ் சொட்டு மருந்த மூணு மாசம் குடுங்க கரைஞ்சிரும்ங்கறாராம், குடுத்துப் பாக்கலாமா தம்பின்னு.

அக்கா, முதல்ல அந்த தேதிய தள்ளிப்போடாதீங்க. மத்தத அப்புறம் பேசுவோம்.

புரோபோலிஸ்ங்கறது தேனீ மரத்து மொட்டு, பட்டையில இருந்து சுரண்டிட்டு வர்ற பிசின், அதுல மெழுகையும் கலந்து கூட்டுல இருக்கற ஓட்டை இடுக்கெல்லாம் பூசி அடைக்கும், கிருமிய அண்ட விடாது. எலி மாதிரி ஏதாவது உள்ள வந்து செத்துட்டா தூக்கி வெளிய போட முடியாதுல்ல, அது அழுகி நாறாம இந்தப் பிசின அது மேலயே பூசி மூடிரும். நம்ம அடுக்குத் தேனீ இத சேர்க்கவே சேர்க்காதுன்னு சொல்லலாம், இத்தாலியத் தேனீயும் கொசுத்தேனீயும்தான் சேர்க்கும். அதுலயும் மரத்துக்கு மரம் சரக்கு மாறும், ஐரோப்பாவுல பாப்லர் மரத்துப் பிசின், பிரேசில்ல பச்சை புரோபோலிஸ்னு ஒண்ணு, அது வேற செடி. அதனால பாட்டில்ல புரோபோலிஸ்னு எழுதியிருந்தா மட்டும் உள்ள என்ன இருக்குன்னு அர்த்தம் ஆகாது.

கேன்சர் பேச்சு எங்க இருந்து வந்துச்சுன்னா, 1988ல நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துல இதுல இருந்து கேப்னு ஒரு பொருள பிரிச்சாங்க, லேப் தட்டுல வளர்த்த கேன்சர் செல்ல அது கொன்னுச்சு. எலிகள்லயும் கட்டி வளர்றது குறைஞ்சதா ஆராய்ச்சி வந்திருக்கு. அது நெஜம், நான் மறுக்கல. ஆனா தட்டுல செல்லு மேல நேரா ஊத்தறாங்க, வாயில குடிச்சா குடல், ஈரல்னு தாண்டி வரணும், எலி ரத்தத்துல பாத்தப்ப கேப் சீக்கிரமே உடைஞ்சு வேற பொருளாயிருச்சு. மனுசங்களுக்கு கட்டிய கரைச்சதுன்னு நிரூபணம் இல்லக்கா.

இயற்கையில மருந்தே இல்லன்னு நான் சொல்லல. நம்மூரு நித்தியகல்யாணிச் செடியில இருந்துதான் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிறிஸ்டின் எடுக்கறாங்க, ஆனா அத சுத்தம் பண்ணி, மில்லிகிராம்ல அளந்து, ரத்தக்குழாய்ல ஏத்தறாங்க, இலைய மென்னு தின்னா அது விஷம்.

அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துக்காரங்க ஒரு கணக்கு எடுத்தாங்க, குணமாக வாய்ப்பிருந்த கேன்சருக்கு ஆஸ்பத்திரி வைத்தியத்த விட்டுட்டு மாற்று வைத்தியம் மட்டும் பாத்தவங்க சாகற வாய்ப்பு ரெண்டரை மடங்கு, மார்பகப் புற்றுநோய்ல மட்டும் அஞ்சு மடங்குக்கும் மேல. அந்த மூணு மாசத்துல கட்டி சும்மா இருக்காதுக்கா, அதான் எனக்கு பயமா இருக்கு.

இன்னொண்ணு, சிலருக்கு புரோபோலிஸ் ஒத்துக்காது, தடிப்பு, அரிப்பு, உதடு வீக்கம்னு வரும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க, ஆபரேஷனுக்கு போறவங்க டாக்டர்கிட்ட கேக்காம தொடவே கூடாது. கீமோ குடுக்கறப்ப வாய்ப்புண்ணு வந்தா புரோபோலிஸ் தண்ணியால கொப்பளிக்கறத சின்ன அளவுல சோதிச்சிருக்காங்க, கொஞ்சம் நல்ல பலன் தெரிஞ்சிருக்கு, அம்மாவுக்கு அப்படி வந்தா அவங்க டாக்டர்கிட்டயே கேளுங்க. அந்தப் பாட்டில ஏற்கனவே வாங்கியிருந்தா அதையும் கையோட எடுத்துட்டுப் போய் காட்டிருங்க.

ஆபரேஷன் முடிஞ்சதும் அம்மா எப்படி இருக்காங்கன்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா.