ஓடினால் தணிகிறது, நின்றால் கொதிக்கிறது: பழைய லொறிக்கு என்ன கோளாறு?

அடுத்த கேள்வியைக் கிராண்ட்பாஸிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். வாசிக்கிறேன். "அண்ணா, என்னிடம் பழைய இசுசு எல்ஃப் லொறி இருக்கிறது. ஓடும்போது சூடு காட்டும் முள் நடுவில் நிற்கிறது. புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மூட்டை இறக்கக் காத்துநின்றால் சற்று நேரத்தில் சிவப்பைத் தொட்டுவிடுகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பார்த்தேன், சரிவரவில்லை. இப்போது ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? பஞ்சிகாவத்தையில் பழைய ஃபேன் கிளச் வாங்கினால் தாங்குமா?"

மாற்ற வேண்டாம் தம்பி. ரேடியேட்டர் பணத்தை இப்போதைக்குப் பையிலேயே வைத்திருங்கள். அதன் உட்குழாய்கள் அடைபட்டிருந்தால் பாரத்தோடு கடுகண்ணாவை மலைப்பாதையில் ஏறும்போதுதான் முதலில் கொதிக்கும். எஞ்சின் கடுமையாக உழைத்து அதிகச் சூட்டை உண்டாக்குவது அங்கேதான். உங்கள் லொறியோ ஓடும்போது ஒழுங்காக இருக்கிறது. ஓடும்போது கிடைத்து நிற்கும்போது கிடைக்காமல் போவது எது? எதிர்க்காற்று. நின்றுவிட்டால் காற்றை இழுக்க விசிறி மட்டுந்தான் இருக்கிறது. ஆகவே விசிறிப் பக்கம் போவோம்.

அதற்கு முன் ஒரு சிறு சோதனை. முகப்பு விளக்கைப் போட்டதும் முள் சட்டென்று மேலே தாவுகிறதா? அப்படியானால் எர்த் வயரை, அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வயரைப் பாருங்கள்; எஞ்சின் சூடாகாமலே முள் பொய் சொல்லக்கூடும். முள் சொல்வது உண்மைதான் என்று தெரிந்தால், பெரிய நிலைவிசிறி ஒன்றை ரேடியேட்டருக்கு நேர் முன்னால் வைத்து எஞ்சினை ஓடவிடுங்கள். முள் இறங்கினால் குறை காற்றில். இறங்காவிட்டால் தண்ணீரில். ஆயிரக்கணக்கில் செலவழித்துச் சாமான் மாற்றுவதற்கு முன் இதை ஏன் யாரும் செய்வதில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இனி, விசிறியைச் சுற்றி ஒரு கூடு இருக்க வேண்டும், பிளாஸ்டிக்கிலோ தகரத்திலோ. கராஜுக்கு வரும் பழைய லொறிகள் பலவற்றில் அது இருப்பதே இல்லை. யாரோ ஒருவர் பெல்ட் மாற்றக் கழற்றியிருப்பார், திரும்பப் பூட்டச் சோம்பல்பட்டு மூலையில் போட்டிருப்பார். கூடு இல்லாவிட்டால் விசிறி, ரேடியேட்டர் வழியாக வெளிக்காற்றை இழுப்பதற்குப் பதிலாக எஞ்சினைச் சுற்றிக் கிடக்கும் சூடான காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். சாலையில் போகும்போது இந்தக் குறை வெளியே தெரியாது. கூடு இருந்தாலும், விசிறி இலைகள் பாதியளவாவது அதற்குள் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

அடுத்தது ஃபேன் கிளச், விசிறியை எஞ்சினோடு இணைக்கும் சாமான். உங்கள் வண்டியில் விசிறி நேராகப் பூட்டப்பட்டிருந்தால் இதை விட்டுவிடலாம். கிளச் இருந்தால் அதற்குள் சிலிக்கோன் எண்ணெய் இருக்கும். முன்பக்கம் சுருள் போல ஓர் உலோகப் பட்டை இருக்கும். ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடாகும்போது அந்தப் பட்டை விரிந்து எண்ணெய்க்கு வழிவிடும், விசிறி இறுகிச் சுழலும். எண்ணெய் கசிந்துவிட்டால் எஞ்சின் எவ்வளவு கொதித்தாலும் விசிறி ஏனோதானோவென்றுதான் சுற்றும். எஞ்சின் நன்றாகச் சூடானதும் நிறுத்திவிட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, விசிறியைக் கையால் தள்ளிவிடுங்கள். கை எடுத்த பின்னும் அது தன்பாட்டில் பல சுற்றுச் சுற்றினால் கிளச் போய்விட்டது. கொஞ்சம் எதிர்த்து உடனே நிற்க வேண்டும். பெல்ட் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான். தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ட்டில் ஓடினால் இரட்டை நட்டம்.

ரேடியேட்டரின் வெளிப்புறத் தகடுகளையும் ஒருமுறை பாருங்கள். தூசி, பூச்சி, டீசல் பிசுக்கு எல்லாம் சேர்ந்து கம்பளம் போல மூடியிருக்கும். எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சேர்விஸ் நிலையத்துப் பிரஷர் குழாயை நெருக்கிப் பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும், கவனம்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டை, அதாவது சூட்டைப் பொறுத்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வைத் திரும்பப் பூட்டிவிடுங்கள். கொழும்பு வெயிலுக்கு அது எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 82 பாகை செல்சியஸ் அளவில் அது திறக்கத் தொடங்குகிறது; பல டீசல் எஞ்சின்களில் திறக்கும்போதே பக்கவழியையும் அடைத்துவிடுகிறது. அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைத் தொடாமலே எஞ்சினுக்குள் திரும்பிவிடும். ரேடியேட்டர் மூடியும் அற்பமான சாமான் அல்ல. 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி சரியாக இருந்தால் வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 118 பாகையில்தான் கொதிக்கும். ரப்பர் வளையம் வெடித்த மூடியோடு 100 பாகையிலேயே கொதித்து வெளியே வந்துவிடும். சூடாக இருக்கும்போது மட்டும் அதைத் திறந்து பார்க்காதீர்கள்.

இன்னொன்று. டீசல் எஞ்சின் பாரமில்லாமல் நின்று ஓடும்போது மிகக் கொஞ்ச டீசலைத்தான் எரிக்கிறது, சூடும் குறைவு. உங்கள் வண்டி ஏற்கெனவே பாரத்தோடு சூடாகி வந்து நிற்கிறது, அதனால் ஏறுகிறது. காலையில் குளிர்ந்த எஞ்சினைப் பாரமில்லாமல் ஓடவிட்டும் சீக்கிரமே கொதித்தால் விஷயம் வேறு. குளிர்ந்திருக்கும்போதே மூடியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டு வாயைப் பாருங்கள். குமிழிகள் ஓயாமல் வந்தால் ஹெட் கேஸ்கட் வழியாக, அதாவது எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்குக் கீழே இருக்கும் அடைப்புத் தகடு வழியாகப் புகை தண்ணீருக்குள் இறங்குகிறது. அதற்குப் பிறகு வண்டியை ஓட்டவே கூடாது, ஹெட்டைக் கழற்றியாக வேண்டும்.

பஞ்சிகாவத்தை பழைய கிளச் பற்றிக் கேட்டீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குளிர்ந்து கிடக்கும் கிளச்சைக் கடை மேசையில் வைத்துச் சுற்றிப் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. எண்ணெயும் வயதானால் கசியும் சரக்கு. புதியதற்கு வழியே இல்லையென்றால், நடுத் தண்டைச் சுற்றி எண்ணெய்க் கறை இல்லாததாகவும், நிமிர்த்தி வைத்திருந்ததாகவும் பார்த்து எடுங்கள். பழையதைக் கையோடு கொண்டுபோய் ஆணித் துளைகளையும் உயரத்தையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.