யார்க்‌ஷயர் தந்த இரண்டு கிட்டார்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஜாஸும் ராக்கும் கலந்த ஜாஸ் ஃப்யூஷன் கிட்டார் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வரும் ஊர் நியூயார்க் இல்லை, இங்கிலாந்தின் யார்க்‌ஷயர். ஜான் மெக்லாஃப்லின் 1942இல் அங்கே டான்காஸ்டரில் பிறந்தார். ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த் 1946இல் பிராட்ஃபோர்டில். இருவருமே கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு வேறொரு வாத்தியத்துக்கு ஏங்கியவர்கள்.

ஹோல்ட்ஸ்வொர்த்துக்கு ஆசை சாக்ஸபோன் மேல். கிட்டாரில் சுரத்துக்குச் சுரம் பிக்கால், அதாவது கம்பியை மீட்டும் சிறு வில்லையால், மீட்டினால் ஒரு 'டக்' கேட்கும். ஊதும் வாத்தியத்தில் அது கிடையாது. எனவே ஒருமுறை மீட்டிவிட்டு, அடுத்தடுத்த சுரங்களை இடதுகை விரல்களால் கம்பியைத் தட்டியே எழுப்பினார். 1985இல் வந்த 'மெட்டல் ஃபட்டீக்' ஆல்பத்தைக் கேளுங்கள். மூச்சு விடுவதுபோல் நீண்டு வளையும் வரிகள்! அடுத்த ஆண்டு 'அட்டவக்ரான்' ஆல்பத்தில் சிந்த்ஆக்ஸ் என்ற மின்னணுக் கருவிக்கே போய்விட்டார். அதை வாயில் குழாய் வைத்து ஊதியும் வாசித்தார். 2017இல் மறைந்த அந்த மனிதருக்குக் கிடைத்த பெயர் போதவே போதாது என்பது என் தீராத ஆதங்கம்.

மெக்லாஃப்லின் ஏங்கியது வீணைக்கு. அவருடைய மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா குழுவின் 'தி இன்னர் மவுண்டிங் ஃப்ளேம்' ஆல்பம் 1971இல் வந்தது. பில்லி காபமின் டிரம்ஸோடு மல்லுக்கட்டி ஓடும் மின் கிட்டார் அதில். அப்படி இடி முழக்கியவர், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் மாணவராக உட்கார்ந்து வீணை கற்றார். பிறகு வயலினில் எல். சங்கர், தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் விக்கு விநாயக்ராம், மிருதங்கத்தில் ராம்நாட் ராகவன் என்று 'சக்தி' குழு பிறந்தது.

வீணையின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளுக்கு மெட்டு என்று பெயர், கிட்டாரில் ஃப்ரெட். வீணையில் ஒரே மெட்டில் கம்பியை இழுத்தால் இரண்டு மூன்று சுரங்கள் வரை போய்வரலாம். கிட்டாரில் அத்தனை தூரம் இழுக்க விரலை மரம் தடுக்கும். அதற்காக ஏப்ரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் கிப்சன் நிறுவனத்துக்காக ஒரு கிட்டார் செய்துகொடுத்தார். ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் நடுவே மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். விரல் மரத்தைத் தொடாது, கம்பியை மட்டும்தான் தொடும். போதாததற்கு, ஆறு கம்பிகளுக்குக் கீழே குறுக்காக ஏழு கம்பிகள், சுருதிக்கு. கமகம் வேண்டும் என்பதற்காகக் கிட்டாரின் கழுத்தையே குடைய வைத்தவரை நான் எப்படிக் கொண்டாடாமல் இருப்பேன்?

சக்தியின் முதல் ஆல்பம் 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரிக் கச்சேரியில் பதிவானது. மொத்தம் மூன்றே உருப்படிகள். முதலாவது 'ஜாய்', பதினெட்டு நிமிடம். கிட்டாரும் வயலினும் ஒரே மூச்சில் ஒன்றின் நிழலாக மற்றொன்று ஓடும். அதை இன்று ஒலிபரப்ப நேரம் போதாது. ஐந்து நிமிடத்துக்குள் முடியும் 'லோட்டஸ் ஃபீட்' இப்போது வருகிறது. அவசரமே இல்லாத உருப்படி. கிட்டார் ஒரு சுரத்தில் நின்று, மெல்ல அசைந்து, அடுத்ததற்கு வழுக்கிப் போகும் இடத்தை மட்டும் கவனியுங்கள்.