மழைக்கு ஒதுங்குவது வேறு, இடிக்கு ஒதுங்குவது வேறு

நேயர்களுக்கு வணக்கம்.

"ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்." சித்திரை, வைகாசி மாதங்களில் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் இந்த அறிவிப்பை அடிக்கடி கேட்கிறோம். நம் காது 'மிதமான மழை' என்பதைப் பிடித்துக்கொள்கிறது; 'இடி மின்னலுடன்' என்பதை நழுவவிட்டுவிடுகிறது. நம் நாட்டில் ஆண்டுதோறும் 2,000-க்கும் அதிகமானோர் மின்னல் தாக்கி இறக்கிறார்கள். வயலில் நின்றவர்களும் ஆடு மாடு மேய்த்தவர்களுமே அவர்களில் மிகுதி.

மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள். இந்த நிறங்களைப் பலர் மழையின் அளவாக மட்டுமே எண்ணிக்கொள்கிறார்கள். ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டும் அதி கனமழைக்கு அந்தக் கணக்கு சரி. மின்னலுக்குச் சரிவராது. மஞ்சள் எச்சரிக்கை நாளில் விழும் மின்னலும் ஆளைக் கொல்லும். எனவே, "அடுத்த 3 மணி நேரத்தில்" என்று மாவட்டங்களின் பெயர் சொல்லி வரும் அறிவிப்பை மதியத்துக்குப் பிறகு கட்டாயம் பாருங்கள். 'தாமினி' என்ற செயலி நம்மைச் சுற்றி 20, 40 கிலோமீட்டர் தொலைவுக்குள் விழும் மின்னலைக் காட்டுகிறது. நூறு நாள் வேலை நடக்கும் இடங்களில் பணித்தளப் பொறுப்பாளராவது அதைக் கைபேசியில் வைத்திருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கைபேசி இல்லையா? காது இருக்கிறது. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் விழுகிறது. அடுத்தது உங்கள் தலைக்கு மேலேயே இருக்கலாம். மழை இன்னும் தொடங்கியிருக்காது, நட வேண்டிய நாற்றுக் கட்டுகளும் இன்னும் நான்கு பாக்கி இருக்கும். அப்போதே கரையேறிவிட வேண்டும்.

நாமோ தூறல் விழும்வரை வேலை செய்துவிட்டு, பிறகு நனையாமலிருக்க மரத்தடிக்கு ஓடுகிறோம். மழைக்கு மரம் நல்ல குடைதான். ஆனால் வெட்டவெளியில் உயர்ந்து நிற்கும் புளியோ பனையோதான் மின்னலுக்கு முதல் இலக்கு. மரத்தில் இறங்கும் மின்சாரம் பக்கத்தில் நிற்பவர்மீது பாயும். வேர் வழியே தரையிலும் பரவும். நான்கு கால்களையும் அகற்றி நிற்கும் மாட்டுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே உடல் வழியாக, இதயத்தைத் தொட்டுக்கொண்டு, அது ஓடுகிறது. ஒரே மரத்தடியில் மந்தையாக ஆடு மாடுகள் செத்துக் கிடப்பது இதனால்தான்.

கான்கிரீட் வீடு, பள்ளிக்கூடம், கண்ணாடி ஏற்றிய கார், பஸ் இவை பாதுகாப்பானவை. சுவரில்லாத மோட்டார் கொட்டகையை நம்பாதீர்கள். எதுவுமே எட்டாத தொலைவில் மாட்டிக்கொண்டால் நீர் நிற்கும் வயலையும் கம்பி வேலியையும் விட்டு விலகி, பாதங்களைச் சேர்த்துவைத்துக் குந்துங்கள். படுக்கக் கூடாது, ஒருவரை ஒருவர் ஒட்டியும் இருக்கக் கூடாது. இதனால் ஆபத்து குறையுமே தவிர நீங்காது. வீட்டுக்குள் இருப்பவர்கள் குழாயடிக் குளியலையும், சார்ஜில் செருகிய கைபேசியில் பேசுவதையும் தள்ளிப்போடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வெளியே வாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் மின்சாரம் பாயும் என்று பயந்து நிற்கிறார்கள். அவர் உடலில் மின்சாரம் தங்குவதில்லை, தயங்காமல் தொடலாம். நின்றுபோன இதயத்தை அந்தச் சில நிமிடங்களுக்குள் மீட்க வாய்ப்பு உண்டு. ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மூச்சில்லை என்றால் மற்றொருவர் நெஞ்சின் நடுவில் இரு உள்ளங்கைகளையும் அடுக்கி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, இரண்டு அங்குலம் அமுங்கும்படி அழுத்தட்டும். கை ஓய்ந்தால் அடுத்தவர் மாற்றிக்கொள்ளுங்கள். வண்டி வரும்வரை விடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.