சொல்ல வந்தவர் கேட்க உட்கார்ந்தார்

நேயர்களுக்கு வணக்கம்.

விசுவாசத்தை அடுத்தவரிடம் எப்படிச் சொல்வது என்று நம் சபைகளில் பயிற்சி வகுப்பே நடத்துகிறார்கள். எந்த வசனத்தில் தொடங்கலாம், அவர் இப்படிக் கேட்டால் நாம் எப்படிப் பதில் சொல்லலாம், எல்லாம் உண்டு. ஆனால் போய் உட்கார்ந்து பேசும்போது அந்த மனிதரைப் பற்றி நாம் நினைத்து வைத்திருந்தது தப்பு என்று தெரிந்தால் என்ன செய்வது? அதை யாரும் சொல்லித் தருவதில்லை. தரங்கம்பாடி சீகன்பால்க் ஐயரை வைத்து அதைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

அவருடைய கதை ஓரளவு எல்லோருக்கும் தெரியும். டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரடெரிக் அனுப்பிய ஜெர்மானிய இளைஞர், 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடிக்கு வந்தார், 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார், 1719-ல், நாற்பது வயதுகூட ஆகாத நிலையில், இறந்துபோனார். மேடைகளில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அவருடைய மனதுக்குள் நடந்த மாற்றம்.

இந்த ஜனங்களுடைய மொழிக்கு ஒழுங்கான இலக்கணம் இருக்கும் என்றோ, இவர்கள் வாழ்க்கைக்கு ஒரு சட்டதிட்டம் இருக்கும் என்றோ வரும்போது தனக்குத் தோன்றவே இல்லை என்று அவரே பின்னால் எழுதியிருக்கிறார். ஐரோப்பாவில் அன்றைக்குப் பலருக்கும் அதே நினைப்புதான். அப்புறம் அவர் தமிழ் படிக்கத் தொடங்கினார். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். மூன்று வருடம் ஜெர்மன் புத்தகமோ லத்தீன் புத்தகமோ அனேகமாகத் தொடாமல் தமிழையே படித்தார். 1708-ல் தன்னிடம் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் எழுதினார், அதே வருடம் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். இவர்களுக்கு ஒழுக்கம் தெரியாது என்று நினைத்து வந்தவர், இவர்களுடைய ஒழுக்க நூலைத் தன் ஊர்க்காரர்கள் படிக்கட்டும் என்று உட்கார்ந்து எழுதுகிறார். இரண்டு வருடத்துக்குள் இவ்வளவு மாற்றம்!

வழியில் இடறலும் இருந்தது. ஒரு கோயில் பக்கம் போனபோது அங்கிருந்த உருவங்களில் சிலவற்றைக் கீழே தள்ளினார், சிலவற்றின் தலையை உடைத்தார். இவற்றுக்குச் சக்தி இல்லை என்று அந்த மக்களுக்குக் காட்டத்தான் அப்படிச் செய்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். அங்கே படித்தவர் ஒருவர் வந்து, ஐயா, இவை தெய்வங்களே இல்லை, தெய்வத்தின் காவலாளிகள் என்று அமைதியாக விளக்கம் சொல்கிறார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உடைத்தவருக்குத் தான் எதை உடைத்தோம் என்பதே தெரியவில்லை, உடைபட்ட பக்கத்து மனிதர் கோபப்படாமல் அவருக்குப் பாடம் எடுக்கிறார். அந்த இடத்தில் கிறிஸ்துவின் சாந்தம் யாரிடம் இருந்தது என்று கேட்டால், நான் தயங்காமல் அந்தப் பெயர் தெரியாத தமிழரைத்தான் காட்டுவேன். சீகன்பால்க் இதை மறைக்காமல் எழுதினாரே, அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை அதிகம்.

பிறகு 1712 முதல் 1714 வரை அவரும் உடன் ஊழியர் கிரூண்ட்லரும் ஒரு காரியம் செய்தார்கள். தமிழர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பி, பதில்களைக் கடிதமாக வாங்கினார்கள். வந்த பதில்களில் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில், அவருடைய ஊழியத்துக்குப் பின்பலமாக இருந்த ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் அச்சாகி வெளிவந்தன. எங்கள் மார்க்கத்தை நீங்கள் ஏன் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறீர்கள் என்றும் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். பதில்கள் நேராக வந்தன. கிறிஸ்தவர்கள் மாட்டை அடித்துத் தின்கிறார்கள், குடிக்கிறார்கள், சுத்தபத்தமாக இருப்பதில்லை என்று எழுதினார்கள். திரித்துவத்தைப் பற்றி வாதாட வருவார்கள் என்று எதிர்பார்த்திருந்தால், அவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததோ துறைமுகத்து ஐரோப்பியர்கள் தினமும் வாழ்ந்த வாழ்க்கையை. இப்படிக் கேள்வி கேட்டு, பதிலையும் வாங்கி, தன்னை அனுப்பியவர்கள் படிக்கும்படி ஊருக்கே அனுப்பி வைக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

தென்னிந்திய தெய்வங்களைப் பற்றி 1713-ல் அவர் எழுதி அனுப்பிய பெரிய நூல் மட்டும் ஹாலேயில் அச்சாகவே இல்லை. அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினோம், இவர் அதையே இங்கே பரப்பப் பார்க்கிறாரே என்று அங்கே நினைத்தார்கள். கடைசியில் 1867-ல் சென்னையில்தான் அது அச்சேறியது. கற்றுக்கொண்டவருக்கு அவருடைய சொந்த வீட்டிலேயே வரவேற்பு இல்லை.

சரி, இவ்வளவு மாறியவர் விசுவாசத்தில் தளர்ந்துவிட்டாரா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. கடைசி வரைக்கும் இயேசுவைத்தான் பிரசங்கித்தார், விக்கிரக ஆராதனை சரியல்ல என்றுதான் கடைசி வரைக்கும் சொன்னார். தமிழ் நூல்களில் நல்லதைக் கண்டபோது, சத்தியத்தின் சின்ன வெளிச்சம் இங்கே முன்பே விழுந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். மனிதர்களைப் பற்றிய அவருடைய நினைப்புதான் மாறியது. அதனால் அவருடைய பிரசங்கம் இன்னும் தெளிவானது என்பது என் எண்ணம், ஏனென்றால் யாரிடம் பேசுகிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் தெரியும்.

இயேசுவின் சீடர் பேதுருவுக்கும் இப்படித்தான் நடந்தது. அப்போஸ்தலர் 10-ஆம் அதிகாரத்தை நாம் கொர்நேலியு என்ற ரோமப் படைத்தலைவன் மனந்திரும்பின கதை என்றே வாசித்துப் பழகிவிட்டோம். அதில் முதலில் மாறுகிறவர் பேதுரு. தீட்டானதை ஒருபோதும் சாப்பிட்டதில்லை என்று ஆண்டவரிடமே மறுத்துப் பேசினவர், மறுநாள் புறப்பட்டுப் போய், யூதர் நுழையக்கூடாது என்றிருந்த அந்த அந்நியனுடைய வீட்டு வாசலைத் தாண்டுகிறார். காலில் விழுந்தவனைத் தூக்கி, "எழுந்திரும், நானும் ஒரு மனுஷன்தான்" என்கிறார். அப்புறம்தான் பிரசங்கம். அதுவும், தேவன் பட்சபாதமுள்ளவரல்ல என்று இப்போது நிச்சயமாய் அறிந்திருக்கிறேன் என்றுதான் அவர் வாயைத் திறக்கிறார்.

ஆகவே இந்த வாரம் ஆஸ்பத்திரி வார்டுக்கோ தெருவுக்கோ சுவிசேஷக் கைப்பிரதியோடு போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கட்டிலில் படுத்திருப்பவரிடம் முதலில் நீங்கள் கேளுங்கள்: அம்மா, நீங்கள் எப்படிக் கும்பிடுவீர்கள், கஷ்டம் வரும்போது என்ன சொல்லி வேண்டிக்கொள்வீர்கள்? கேட்டுவிட்டு நடுவில் குறுக்கே பேசாதீர்கள். அவர் பேசி முடிக்கட்டும். பேச விருப்பம் இல்லை என்றால் தண்ணீர் ஏதாவது வேண்டுமா என்று விசாரித்துவிட்டு வந்துவிடுங்கள். அவர் சொன்னதில் நீங்கள் இதுவரை நினைத்ததற்கு மாறாக ஏதாவது இருந்தால், ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்து அதையும் சாட்சியாகச் சொல்லுங்கள். எத்தனை பேரைச் சந்தித்தோம் என்ற கணக்கை மட்டும் வாசித்துவிட்டு உட்காராதீர்கள்.