மேசை மேல் ஒரு மிக்-21

நேயர்களுக்கு வணக்கம்.

என் மேசையில் ஒரு போர் விமானம் நிற்கிறது. மூக்கிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஊசி போன்ற குழாயையும் சேர்த்து அளந்தால் ஏறக்குறைய அரை மீட்டர் நீளம். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 22 சென்டிமீட்டர் சொச்சம். மிக்-21, அசலில் 32-இல் ஒரு பங்கு. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் கோத்த துண்டுகளாகப் பெட்டியில் வந்தது. வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசி முடிக்க எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. எந்த நிறுவனத்தின் பெட்டி என்பது இங்கே தேவையில்லை.

32 என்ற கணக்கு அடியும் அங்குலமும் புழங்கிய நாட்களின் மிச்சம். அசலில் ஓர் அடி என்றால் மாதிரியில் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு. கடைகளில் அதிகம் கிடைப்பது 72-இல் ஒரு பங்கு அளவு. அதில் இதே மிக்-21-ஐ ஒரு கையில் ஏந்திவிடலாம், இறக்கை பத்து சென்டிமீட்டருக்கும் குறைவு. அந்த அளவில் கண் பல விஷயங்களை மன்னித்துவிடும். பெரிய அளவில் மன்னிக்காது. விமானி இருக்கையின் வார்ப்பட்டைகூடத் தெரியும், இல்லாவிட்டால் அது இல்லாததும் தெரியும்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். பெட்டியில் வந்த இறக்கையின் பின்விளிம்பு ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருந்தது. கையில் பிடித்தால் மெல்லியதுதான். 32-ஆல் பெருக்குங்கள்: 32 மில்லிமீட்டர். ஒன்றேகால் அங்குலத் தடிமனில் மொண்ணையான விளிம்போடு ஒரு மிக்-21 பறக்குமா? அதன் இறக்கை கத்தி போன்றது. அதேபோல், தகடுகள் சேரும் இடத்தைக் காட்டப் பிளாஸ்டிக்கில் கீறியிருந்த கோடு கால் மில்லிமீட்டர் அகலம். அசலில் அது எட்டு மில்லிமீட்டர், ஒரு பென்சிலைச் செருகிவிடலாம். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு அப்படியே ஒட்டிவிட்டுப் போக மனம் வரவில்லை. இறக்கையின் இரண்டு பாதிகளையும் உள்பக்கமாகத் தேய்த்துத் தேய்த்து விளிம்பை மெல்லியதாக்கினேன். கோடுகளைப் புட்டி வைத்து அடைத்து, காய்ந்ததும் ஊசியால் மறுபடி கீறினேன். கீறும்போது அழுத்தவே கூடாது. ஊசியின் எடை மட்டும் போதும், பத்து முறை இழுக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே இழுப்பில் கீறினால் ஊசி தடம் மாறி ஓடிவிடும், அப்புறம் மறுபடி புட்டி.

ஆனால் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்த இடம், பறக்கும்போது சக்கரம் மடங்கி உள்ளே போகும் சக்கரக்குழி. மிக்-21-இன் உடலில், இறக்கை சேரும் இடத்துக்கு மேலே, இரண்டு பக்கமும் ஒரு புடைப்பு இருக்கும். சின்ன வயதிலிருந்து படங்களில் பார்த்திருக்கிறேன், அழகுக்கு என்று நினைத்திருந்தேன். பெட்டியில் வந்த சக்கரக்குழி ஆழமில்லாத வெறும் பள்ளமாக இருந்ததால், அதை வெட்டியெடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் தகட்டில் புதிதாகக் கட்ட உட்கார்ந்தேன். அப்போதுதான் புரிந்தது. இந்த இறக்கை மெல்லியது, சக்கரம் அதற்குள் போகாது. உடலுக்குள் போகலாம் என்றால் அங்கே காற்றுக்குழாய் நிறைந்திருக்கிறது. மூக்கு வழியாக நுழையும் காற்று இரண்டாகப் பிரிந்து, விமானியின் இருபுறமும் ஓடி, எஞ்சினுக்கு முன்னால் மறுபடி சேர்கிறது. அதனால் சக்கரத்தின் கால் மடங்கும்போதே சக்கரம் தனியாகத் திரும்பி, காற்றுக்குழாயின் ஓரத்தில் செங்குத்தாக நின்றுகொள்கிறது. 80 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் அப்படி நின்றால் எங்காவது முட்டத்தானே வேண்டும். அந்த முட்டல்தான் வெளியே தெரியும் புடைப்பு. என் மாதிரியில் அந்தச் சக்கரம் கிட்டத்தட்ட ஓர் இரண்டு ரூபாய் நாணயம். அதைக் கையில் வைத்துக்கொண்டு குழிக்குள் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, அது நிற்கும் விதம் பிடிபட்ட அந்த மாலை எனக்கு மறக்காது.

பெட்டியை மேம்படுத்துவது என்று இதைத்தான் சொல்கிறேன். பிசினில் வார்த்த இருக்கை, மெல்லிய பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்த பட்டைகள், கடைசலில் செய்த பித்தளை மூக்குக்குழாய் எல்லாம் தனியாக விலைக்குக் கிடைக்கின்றன. நானும் வாங்கினேன். பிசினைத் தேய்க்கும்போது மட்டும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஆனால் வாங்கிப் பொருத்திய எதைவிடவும், ஒரு பாகம் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கையால் செய்தது எனக்குப் பெரிது.

பெங்களூரில் ஹெச்.ஏ.எல். எனும் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் ஒரு மிக்-21 நிற்கிறது. ஒரு ஞாயிறு முழுவதும் அதன் அடியில் குனிந்து குனிந்து பார்த்தேன். இந்திய விமானப்படை வைத்திருந்த மிக்-21-கள் 800-க்கும் மேல், அவற்றில் பெரும்பகுதியை நாசிக்கில் அந்த நிறுவனம்தான் கட்டியது. அதற்குப் பிறகுதான் வீட்டிலேயே எனக்கு ஓர் ஆசிரியர் கிடைத்தார். என் மனைவியின் பெரியப்பா. எனக்கு மாமா முறை. தாம்பரத்தில் விமானப்படைப் பயிற்சி முடித்து, 1970-களில் இந்த விமானங்களைத் தரையில் பராமரித்தவர். இத்தனை நாளும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறேன்.

பாதி முடிந்த மாதிரியைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார். "மாப்பிள்ளை, இது நாங்க பார்த்த வகை இல்லையே. எங்க விமானத்துல விமானி தலைக்கு மேல இருக்கிற கண்ணாடி மூடி முன்பக்கமாத் தூக்கும். இது பக்கவாட்டுல திறக்குது" என்றார். சரியாகச் சொன்னார். அவர் வேலை பார்த்தது எஃப்.எல். வகை. அதில் விமானியின் முன்னால் இருக்கும் கண்ணாடியும் மூடியும் ஒரே உறுப்பு, முன்பக்கம் கீல். விமானி இருக்கையோடு வெளியே பாயும்போது அந்த மூடியும் கூடவே போய், முகத்தில் அறையும் காற்றைத் தடுக்கும். என்னுடையது எம்.எஃப். வகை. அதில் இருக்கையே வேறு, முன்கண்ணாடி அசையாது, மூடி வலதுபக்கம் சாய்ந்து திறக்கும்.

அப்புறம் விமானி அறைக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே பூசியிருந்த நிறத்தை ஏற்றுக்கொண்டார். பச்சை என்றும் சொல்ல முடியாது, நீலம் என்றும் சொல்ல முடியாது, வெளுத்த மயில்கழுத்துப் புடவை போல ஒரு நிறம். "வெள்ளைக் கோடு எங்கே?" என்று கேட்டார். நான் விழித்தேன். கருவிப்பலகையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு உண்டு. விமானம் கட்டுப்பாடு இழந்து சுழன்று விழத் தொடங்கினால் விமானிக்குத் திசை குழம்பிவிடும். அப்போது விமானத்தைத் திருப்பும் கைக்கோலை அந்தக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவர வேண்டும், நடு எது என்று யோசிக்க நேரம் இருக்காது. இந்த விமானத்தில் உயிரை விட்ட விமானிகள் நம் நாட்டில் ஏராளம். அதை நினைத்தபோது, அந்தக் கோட்டை விட்டுவிட்டேனே என்று நெஞ்சு குறுகுறுத்தது. அன்று இரவே மூன்று முடி மட்டும் வைத்த தூரிகையால் வரைந்தேன். மூடியைச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும், ஆனாலும் இருக்கிறது.

ஒரு விபத்தையும் சொல்லிவிடுகிறேன், புதிதாகக் கட்டுபவர்களுக்கு உதவும். இந்த விமான மாதிரிகளுக்குப் பின்பாரம் அதிகம், மூக்கில் எடை வைக்காவிட்டால் வால் தரையில் உட்கார்ந்துவிடும். மூக்கிலோ காற்றுத் துளையும் நடுவில் ஒரு கூம்பும்தான். அசலில் அந்தக் கூம்பு ரேடாரைச் சுமந்துகொண்டு, வேகத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் நகர்ந்து, நுழையும் காற்றைச் சீர்படுத்தும். எடை வைக்க இடம் கூம்புக்குள்ளும், விமானி அறைக்கு அடியிலும்தான். பல வருடம் முன்பு கட்டிய ஒரு மாதிரியில், தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டுகளை நிரப்பி, மரவேலைக்கான வெள்ளைப் பசையை ஊற்றி வைத்தேன். இரண்டு மூன்று வருடம் அலமாரியில் நன்றாகத்தான் இருந்தது. ஒருநாள் பார்த்தால் மூக்கு நீளவாக்கில் வெடித்து, உள்ளே வெள்ளைப் பொடியாகப் பூத்திருந்தது. அந்தப் பசையில் இருக்கும் அமிலம் ஈயத்தை அரித்திருக்கிறது. அரிக்க அரிக்க அது உப்பிக்கொண்டே போயிருக்கிறது. அதனால் ஈயம் வைத்தால் எப்பாக்ஸி பசையோ சூப்பர் குளூவோதான் ஊற்ற வேண்டும். இந்தமுறை ஈயமே வேண்டாம் என்று எஃகுக் குண்டுகளை எப்பாக்ஸியில் பதித்தேன்.

வண்ணம் பூசுவதைப் பற்றி ஒன்றே ஒன்று. ஈரப்பதம் அதிகமான நாளில் சீக்கிரம் காயும் லாக்கர் வண்ணத்தை ஏர்பிரஷில், அதாவது காற்றால் வண்ணம் தெளிக்கும் கருவியில், அடித்தால் பரப்பு பால் போலப் பூத்துவிடும். சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தேய்க்கும் வேலையை வைத்துக்கொள்ளலாம், வண்ணத்தைத் தை பிறந்தபின் எடுக்கலாம். சின்னங்களும் எண்களும் ஒட்டும் முன் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு வேண்டும். சொரசொரப்பின் மேல் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல மின்னும்.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21-க்கு விடைகொடுத்தார்கள். 1963-இல் அதன் முதல் படை அணி தொடங்கியதும் அதே ஊரில்தான். மாமா வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தோம். முடிந்த மாதிரியை எடுத்துப் போயிருந்தேன். நிகழ்ச்சி முடியும் வரை அதை மடியிலேயே வைத்திருந்தார். பிறகு திருப்பி, வயிற்றுப் பக்கம் பார்த்தார். "இவ்வளவு சுத்தமா இருக்காது மாப்பிள்ளை, எண்ணெய் வழிஞ்சிருக்கணும்" என்று, எங்கிருந்து எந்தப் பக்கம் வழியும் என விரலால் இழுத்துக் காட்டினார். இடதுபக்கம் திருப்பி, "ஏணி இல்லாம விமானி எப்படி ஏறுவான்?" என்றார். செய்தித்தாள் ஓரத்தில் அந்த ஏணியை வரைந்தே கொடுத்தார், மேலே கொக்கி எங்கே மாட்டும், எத்தனை படி என்பது உட்பட.

அந்தத் துண்டுத்தாள் இப்போது என் மேசையில் ஒட்டியிருக்கிறது. எண்ணெய்க் கறை முடிந்துவிட்டது. ஏணிக்குச் செம்புக் கம்பி வெட்டி வைத்திருக்கிறேன், இரண்டு படி பற்றவைத்தாயிற்று.

வணக்கம்.