காத்து கருப்பும் பூட்டிய வீடுகளும்

அவைத்தலைவர் ஐயா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஊர்ப் பெரியவர்களே, இடமும் தந்து மதியச் சாப்பாடும் போட்ட கோயில் காரியக்காரர்களே, ஆச்சிமார்களே, வணக்கம்.

மூன்று செய்தி சொல்ல வந்திருக்கிறேன்: பேயின் பெயர்கள், காத்து கருப்பின் பொருள், நம் கருப்பர் சாமிக்கும் இந்தக் கருப்புக்கும் உள்ள வேறுபாடு. கூடவே, பேய் பயத்தால் பூட்டிக் கிடக்கும் நம் செட்டிநாட்டு வீடுகளைக் காப்பது பற்றியும் சொல்வேன்.

பேம், நாம், உரும் மூன்றுக்கும் அச்சமே பொருள் என்கிறது தொல்காப்பியம். பேய் அந்தப் பேமுக்கு அருகே நிற்கும் சொல். 850ஆம் குறளில் வள்ளுவர் பேயை அலகை என்கிறார். பிசாசும் பூதமும் வடமொழி வரவு. காரைக்கால் அம்மையார் தம்மையே காரைக்காற்பேய் என்று பாடினார். நம் ஆச்சிமாரோ விளக்கு வைத்தபின் பேயென்று பெயரே சொல்ல மாட்டார்கள். "காத்து கருப்பு அண்டிரும், உள்ளே வாடா" என்பார்கள். கண்ணுக்குப் படாதது காத்து. இருட்டில் உருத் தெரியாதது கருப்பு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்!

இங்கே ஒரு ஊரில் பூட்டிக் கிடந்த வீடு. ஆடி மாதம், நடுச்சாமத்தில் உள்ளே 'டமார்' என்று சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'டமார்'. தெருவில் ஆள் நடமாட்டம் நின்றது. பேயோட்டும் கோடாங்கி வந்தார், உடுக்கை அடித்தார், எலுமிச்சம்பழம் அறுத்தார். அன்றிரவும் 'டமார்'! பிறகு ஆசாரி ஒருவர் பகலில் உள்ளே போனார். நம் வீடுகளில் முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்குமல்லவா? பின்வாசல் தாழ்ப்பாள் பிடித்திருந்த கட்டையைக் கரையான் தின்றுவிட்டது. புகுந்த காற்று நடுக்கதவைத் தூக்கி அடித்திருக்கிறது. நான்கு அங்குலக் கொண்டி ஒன்று போட்டார், சத்தம் நின்றது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்!

பேய்வீடு என்று பெயர் வாங்கிய வீட்டுக்குள் வேலையாள் நுழைவதில்லை. நுழையாததால் ஓடு சரிந்தது தெரிவதில்லை. மழைநீர் சுவரில் இறங்குகிறது, பர்மாத் தேக்கு உத்தரம் இற்றுப்போகிறது. கடைசியில் தூணும் கதவும் விலைக்குப் போகின்றன. இதைத் தடுக்கத்தான் ஊர் ஊராகப் பேசுகிறேன்.

வாரம் ஒருநாள் முன்வாசலையும் பின்வாசலையும் இரண்டு மணி நேரம் திறந்து வையுங்கள். புரட்டாசிக்குள் ஓடு மாற்றி, மழைநீர் வடியும் தகரத் தூம்பில் சருகை அள்ளுங்கள். சுவரில் அரசங்கன்று விரல் நீளம் இருக்கையிலேயே வேரோடு எடுங்கள். மேலே மட்டும் வெட்டினால் மறுபடி தழைத்துக் காரையைப் பிளக்கும். அந்தப் பொந்தைச் சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள். சிமெண்ட் வேண்டாம், ஈரத்தை உள்ளே பிடித்துக்கொள்ளும். வௌவால் நுழையும் சந்துகளை, குஞ்சு இல்லாத காலத்தில், அவை அந்தியில் வெளியேறிய பிறகு கம்பிவலையால் மூடுங்கள்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். கருப்பர் சாமியை இன்னொரு மேடையில் பேசுவோம். வெளியூரில் இருக்கும் பங்காளிகள் இந்த மாதமே கூடி, சாவி ஒன்றை ஊரில் இருக்கும் ஒருவர் கையில் கொடுத்து, ஓடு மாற்றும் செலவைப் புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். வணக்கம்.