மீன் வாங்காத நாற்பது நாள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதனன்று, பூசை முடிந்து, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றால், பக்கத்தில் நிற்பவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்ப்பார். போன வருடக் குருத்து ஞாயிறன்று வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் செருகி வைத்த ஓலையைத் திரும்ப வாங்கி எரித்த சாம்பல் அது. அன்றைக்கு வாசிக்கும் நற்செய்தி மத்தேயு ஆறாம் அதிகாரம். நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவு, தலைக்கு எண்ணெய் தேய், நீ நோன்பு என்று ஊருக்குத் தெரிய வேண்டாம் என்கிறார் ஆண்டவர். அதைக் கேட்ட கையோடு வரிசையில் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு தெருவில் நடக்கிறோம். சிறுபிள்ளையாக இருந்தபோது எங்கள் கோவில் உபதேசியார் தாத்தாவிடம் இதைக் கேட்டேன். "சாம்பல் நோன்புக்கு இல்ல பிள்ள, நீ மண்ணுங்கிறதுக்கு. நோன்ப வயித்துக்குள்ள வச்சுக்கோ" என்றார்.

நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் எங்கள் பங்கு, அதாவது எங்கள் கோவில் வட்டாரம். பனையும் முருங்கையும் உள்ள ஊர். கடல் பேருந்தில் முக்கால் மணி நேரத் தூரம். அதனால் எங்களுக்கு மீன் என்றால் கடற்கரையிலிருந்து சட்டி சுமந்து வரும் அக்காமார்தான். அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

அதற்கு முன்னால் ஒறுத்தல் கணக்கை, தவக்காலத்தில் ஆண்டவருக்காக ஒன்றை விட்டு இருக்கிற கணக்கை, ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். திருச்சபைச் சட்டம் கேட்பது மிகக் கொஞ்சம். திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் நோன்பு, வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி இல்லை. பதினெட்டு வயதுக்குக் கீழேயும் ஐம்பத்தொன்பது முடிந்தவர்களுக்கும் நோன்புக் கடமையே கிடையாது. மீன் இறைச்சிக் கணக்கில் வராது. ஆனால் எங்கள் பாட்டிமார் சட்டத்தைப் பார்த்தா நடந்தார்கள்? தவக்காலம் பிறந்தால் கறியும் இல்லை, மீனும் இல்லை, முட்டையும் இல்லை. கருவாடு மீனில் சேர்த்தியா இல்லையா என்று ஒவ்வொரு வருடமும் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடக்கும். சாம்பல் புதனிலிருந்து பெரிய சனி வரை எண்ணினால் நாற்பத்தாறு நாள் வரும்; ஞாயிறுகளைக் கழித்தால்தான் நாற்பது. இதை என் பேரப்பிள்ளைகள் கண்டுபிடித்த அன்று, அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை மீன் தின்னலாமே என்று ஒரே கூச்சல்.

நானும் பாட்டி வழிதான். அந்த வருடமும் சாம்பல் புதனுக்கு மறுநாள் மீன்காரக்கா வாசலில் சட்டியை இறக்கினார். "இல்லக்கா, இனி ஈஸ்டருக்குத்தான்" என்றேன். அடுத்த வீட்டிலும் அதே பதில். எங்கள் தெருவில் பதினேழு வீடு, பதினாலு வேதக்காரர் வீடு. அவர் சட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டே சிரித்தார். "நீங்க நாப்பது நாளும் ஒறுத்தல் இருங்க டீச்சரம்மா, நாங்க பட்டினில்லா கிடக்கணும்."

வேடிக்கையாகத்தான் சொன்னார். அவரும் நம் சபைதான், மணப்பாட்டுப் பக்கத்துக் கடற்கரை ஊர். ஆண்டவர் பட்ட பாடுகளைத் தலம் தலமாகத் தியானிக்கிற வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு அவர் ஊர்க் கோவிலில் அவரும் முழங்கால் போடுகிறவர். ஆனால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நான் மீனை விட்டதால் ஆண்டவருக்கு ஒறுத்தல் ஆயிற்று என்று நினைத்திருந்தேன். அது போய் விழுந்த இடம் அவர் வயிறு. எங்கள் வீட்டில் மிச்சமான ரூபாய் அலமாரியில் பத்திரமாக இருந்தது.

எசாயா ஐம்பத்தெட்டாம் அதிகாரம் தவக்காலம் தொடங்கி மூன்றாவது நாளே, அந்த வெள்ளிக்கிழமைப் பூசையில் வாசிக்கப்படும். நாங்கள் நோன்பிருந்தோமே, நீர் ஏன் பார்க்கவில்லை என்று ஜனங்கள் கேட்கிறார்கள். நீங்கள் நோன்பிருக்கிற நாளிலேயே உங்கள் ஆதாயத்தைப் பார்க்கிறீர்கள், வேலையாட்களை நெருக்குகிறீர்கள் என்று பதில் வருகிறது. எத்தனையோ வருடம் அதை நானே வாசக மேடையில் ஏறி வாசித்திருக்கிறேன், உச்சரிப்புச் சுத்தமாக.

இரண்டாம் நூற்றாண்டிலேயே உரோமைக் கிறிஸ்தவர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். நோன்பிருக்கிற நாளில், சாப்பிட்டிருந்தால் என்ன செலவாகியிருக்குமோ அதை எண்ணி எடுத்துக் கைம்பெண்ணுக்கோ அநாதைக்கோ கொடுத்துவிட வேண்டும் என்று அவர்கள் நடுவே வழங்கிய ஒரு நூல் சொல்கிறது. இன்றைக்கும் தவக்காலத்தில் வீடுகளுக்குச் சின்ன உண்டியல் கொடுக்கிறார்களே, அதற்கும் இதுதான் அடி. 1962-ல் தொடங்கிய காரித்தாஸ் இந்தியா ஒவ்வொரு தவக்காலத்திலும் பசிக்கும் நோய்க்கும் எதிராகக் காணிக்கை சேர்க்கிறது.

சரி, கணக்குத்தான் தெரிகிறதே என்று, அடுத்த வாரம் மீன்காரக்கா தெருவில் போகும்போது கூப்பிட்டு, நாங்கள் வழக்கமாக வாங்குகிற மீனுக்கான பணத்தை நீட்டினேன். மீன் வேண்டாம், இதை வச்சுக்கோங்க என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"நான் என்ன கை நீட்டிக்கிட்டா வந்தேன்? சட்டியத் தூக்கிட்டுல்லா வந்தேன்."

அதோடு போய்விட்டார். இரண்டு வாரம் எங்கள் தெருப்பக்கம் குரலே கேட்கவில்லை.

இந்த இடத்தில் நான் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தவக்கால உண்டியல் கொடுத்தோம். எந்த வகுப்பு அதிகம் சேர்க்கிறது என்று போட்டி வேறு. நான் தினமும் காலையில் பெயர் வாசித்து, யார் எவ்வளவு போட்டார்கள் என்று கரும்பலகையில் எழுதினேன். கணக்குப் பாடமும் ஆயிற்று, ஒறுத்தலும் ஆயிற்று என்று எனக்குள் பெருமை. பனையேறி ஒருவரின் மகனுக்கு நேராக நான்கு நாள் பூஜ்யம். ஐந்தாம் நாள் அவன் வரவில்லை. அவன் அம்மா வந்தார். சேலை முந்தியில் முடிந்திருந்த இரண்டு ரூபாயை அவிழ்த்து மேசையில் வைத்தார். "கேட்டிருந்தா நானே தந்திருப்பேன் டீச்சர். பிள்ளைய எழுப்பி நிக்க வைக்காண்டாம்" என்றார்.

அந்தத் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெற, போவதற்கு முன்னால் ஜெபப் புத்தகத்தில் ஆத்தும சோதனைப் பக்கத்தைத் திறந்தேன். பொய், கோபம், பொறாமை, ஞாயிறு பூசை தவறியது எல்லாம் வரிசையாக இருந்தன. ஒரு பிள்ளையைத் தலைகுனிய வைத்ததற்கு அந்தப் பட்டியலில் இடத்தைத் தேட வேண்டியிருந்தது. இந்தப் பட்டியல் நமக்குப் புதிதல்ல. நம் முத்துக்குளித்துறைக் கடற்கரை மக்களோடு வாழ்ந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் 1580-ல் கொச்சியில் தமிழில் அச்சிட்ட 'கொம்பெசியொனாயரு' என்பதே பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும் நூல்தான். நானூறு வருடத்துக்கு மேலாக நாம் தமிழில் பாவத்தை எண்ணி வருகிறோம். நல்லது செய்கிறேன் என்று போய்ச் செய்கிற பாவத்தை மட்டும் எண்ண மறந்துவிடுகிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

எங்கள் பங்கில், ஏழை வீடுகளைப் போய்ப் பார்த்து உதவுகிற வின்சென்ட் தே பவுல் சபையில் நான் சேர்ந்தது ஓய்வு பெற்ற பிறகு. வாராவாரம் கூட்டம். கூட்டம் முடிகிறபோது ஒரு துணிப்பை சுற்றி வரும், இரகசியப் பை என்போம். கையை மூடியபடி உள்ளே விட்டு, விரித்து, மறுபடி மூடி வெளியே எடுக்க வேண்டும். நூறு ரூபாய் போட்டவரும் ஒன்றும் போடாதவரும் ஒரே மாதிரிதான் கையை எடுப்பார்கள். முதல் தடவை அந்தப் பை என் மடிக்கு வந்தபோது, கரும்பலகையும் அந்த இரண்டு ரூபாயும்தான் கண்முன் வந்தன.

இந்தச் சபையைத் தொடங்கியது பெரிய குருமார் யாருமில்லை. 1833-ல் பாரீசில் கல்லூரி மாணவர் பிரடெரிக் ஓசானாம், வயது இருபது, கூட ஒரு சில தோழர்கள். விவாதக் கூட்டத்தில் ஒருவன் கேட்டானாம், உங்கள் திருச்சபை ஒரு காலத்தில் நல்லது செய்தது சரி, இப்போது ஏழைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று. பதில் சொல்ல வாய் வரவில்லை. குளிர்காலத்துக்கென்று தங்களிடம் மிச்சமிருந்த விறகைத் தூக்கிக்கொண்டு ஏழை வீட்டுக்குப் போனார்கள் என்று சொல்வார்கள். ஏழை வீட்டுக்குள் எப்படி நுழைவது, எப்படிப் பேசுவது என்று அவர்களுக்குப் பழக்கியவர் ரோசலி ரெந்து என்ற கன்னியர். இன்றைக்கும் எங்கள் முறை அதுதான். இருவராகப் போக வேண்டும், வீட்டுக்குள் உட்கார வேண்டும், அவர்கள் காப்பி கொடுத்தால் குடிக்க வேண்டும். அரிசிப் பையோடு நிற்க வைத்துப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் போடுவதை ஓசானாம் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாது. நான் சொல்கிறேன், எனக்கு அது பிடிக்கவில்லை. கரும்பலகையில் எழுதியவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

அப்படி நாங்கள் போய்ப் பார்த்து வந்த வீடுகளில் ஒன்றில் ஒரு தாத்தா இருந்தார். எண்பதைத் தாண்டியவர், பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துவிட்டது, பிள்ளைகள் வெளியூர். மாதாமாதம் அரிசியும் மருந்தும் கொடுத்து வந்தோம். மீன்காரக்கா கோபித்துக்கொண்டு போன அந்த வருடத் தவக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை, என்ன தாத்தா வேணும் என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "சாளைக் குழம்பு" என்றார். தவக்காலமாச்சே என்று என்னோடு வந்தவர் இழுத்தார். "ஒறுத்தல் ஒங்களுக்குத்தான. எனக்கென்ன, நான்தான் வருசம் பூரா இருக்கேனே" என்றார் தாத்தா.

மறுநாள் காலையில் தெருமுனையில் போய்க் காத்திருந்து மீன்காரக்காவைப் பிடித்தேன். சாளை அரைக் கிலோ என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தாத்தாவுக்கு என்று சொன்னதும் சட்டியை இறக்கி, ஒவ்வொன்றாகச் செவுளைத் தூக்கிப் பார்த்துப் பொறுக்கினார். விலையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. நானும் பேரம் பேசவில்லை. நிறுத்த பிறகு மட்டும் கூட இரண்டு மீனை எடுத்துப் போட்டார்.

அன்றைக்குத்தான், நேயர்களே, எனக்கு ஒறுத்தல் என்றால் என்ன என்று தெரிந்தது. மீன் வாங்காத வீட்டில் மீன் தின்னாமல் இருப்பது ஒரு பெரிய காரியமா? தேங்காய் அரைத்து, மாங்காய் நறுக்கிப் போட்டு, மண்சட்டியில் சாளை கொதிக்கும்போது உப்புக்கூடப் பார்க்காமல் மூடி வைத்துப் பாருங்கள். உப்பு பார்க்க அடுத்த வீட்டுச் சின்னப்பையனைத்தான் கூப்பிட்டேன். அவன் மூன்று தடவை உப்பு பார்த்தான்.

அந்தத் தவக்காலத்தின் மிச்ச நாளெல்லாம் வாரம் இரண்டு நாள் அப்படிப் போயிற்று. எங்கள் அன்பியத்தில், அக்கம்பக்கத்து வீட்டார் கூடி ஜெபிக்கிற குழுவில், மற்ற வீட்டாரும் கேட்டார்கள். ஒரு வீட்டில் பிரசவமான பெண் இருந்தாள், இன்னொரு வீட்டில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர். அவருக்கு மீன் ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார், அவருக்கு இட்லிதான். எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள் என்று சொன்னால் பொய். இரண்டு வீட்டில், தவக்காலத்தில் இதென்ன மீன் நாற்றம் என்று முகம் சுளித்தார்கள். பங்குச்சாமியாரிடம் புகாரும் போயிற்று. அவர் கேட்டுவிட்டு, மாங்காய் போட்டீர்களா என்று மட்டும் விசாரித்தாராம்.

பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் கோவில் வளாகத்தில் கஞ்சி காய்ச்சுவோம். காலையில் சிலுவைப்பாதை பதினாலு தலமும் வெயிலில் நடந்து முடித்து வந்தால், பெரிய அண்டாவில் கஞ்சி, கூடக் கொள்ளில் அரைத்த காணத்துவையல். நான் சின்னவளாக இருந்ததிலிருந்து அதே ருசி. காரில் வந்தவரும் காலையில் ஒன்றும் காய்ச்சாத வீட்டுக்காரரும் ஒரே வரிசை, ஒரே தட்டு. நோன்பு நாளானதால் எல்லாருக்குமே பசி. யார் இல்லாததால் வந்து நிற்கிறார், யார் பக்திக்காக நிற்கிறார் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வருடத்தில் முன்னூற்றி அறுபத்துநாலு நாளும் கோவிலில் கையேந்தக் கூசுகிற ஒரு குடும்பம் அன்றைக்கு மட்டும் தூக்குவாளியோடு வரும். பரிமாறுகிறவர்களுக்கு எங்கள் தலைவி சொல்லிவைத்திருக்கிற ஒரே கட்டளை, தூக்குவாளி கொண்டு வந்தால் ஏன் என்று கேட்காதே, நிரப்பு.

தாத்தா போன கார்த்திகையில் இறந்துபோனார். அடக்கப் பூசைக்கு மீன்காரக்கா வந்திருந்தார். சட்டி இல்லாமல் அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை, அடையாளமே தெரியவில்லை.

இந்த வருடம் சாம்பல் புதனுக்கு மறுநாள் வாசலில் அவர் குரல் கேட்டது. இனி ஈஸ்டருக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே கேட்டார். "இந்த வருசம் யாருக்கு டீச்சரம்மா?"

யாரும் இல்லையே என்றேன். எங்கள் சபைப் பதிவேட்டில் இருக்கிற ஆறு வீட்டிலும் மீன் தின்கிற நிலையில் யாரும் இல்லை, அது உண்மை.

"ஏன் இல்ல? வடக்குத் தெருவுல, கம்பிக் கதவு போட்ட வீட்டுக்குப் பின்னால, ஒரு அம்மா கால் முறிஞ்சு கிடக்கா, மூணு வாரமாச்சு. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. வடக்குத் தெரு எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அவர் இருபது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்.

அரைக் கிலோ சாளை வாங்கினேன். அந்த அம்மா காரம் சாப்பிடுவாரா என்று கேட்டேன். "நெறைய" என்றார், செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே.

வணக்கம்.